யார்? யாரை?

கேள்வி: ஐயா, என் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பெர்சி ஜாக்சன் கதைகளை முடித்த கையோடு ஹாரி பாட்டரில் வரும் மந்திரங்களுக்கு அர்த்தம் தேடத் தொடங்கினாள். இப்போது லத்தீனும் பழைய கிரேக்கமும் படித்தே தீருவேன் என்கிறாள். தனியாக ஒரு நோட்டுப் போட்டு, எங்கெங்கோ பார்த்து எழுதி வைக்கிறாள். எங்கள் வீட்டில் இந்த இரண்டு மொழியும் ஒருவருக்கும் தெரியாது. நான் பி.காம். பள்ளியில் கேட்டால் சிரிக்கிறார்கள். வீட்டுக்காரர், "அந்த நேரத்துல நாலு கணக்குப் போட்டா பின்னாடி உதவும்" என்கிறார். மாமனார், "குறளே இன்னும் முழுசா வரல, அதுக்குள்ள கிரேக்கமா?" என்கிறார். ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மொழியை முதலில் தொடங்குவது? ஒன்றும் தெரியாத அம்மாவால் இதில் என்ன செய்ய முடியும்? நடுவில் அலுத்துப்போய் விட்டுவிட்டால்? முந்தாநாள் அவளாக ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள்: "புயெல்ல கனிஸ் விதெத்." சிறுமி நாயைப் பார்க்கிறாள் என்று அர்த்தமாம். "சரியாம்மா?" என்று கேட்டாள். திருதிருவென்று விழித்தேன்.

— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அந்த வாக்கியத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் விடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் உட்கார்ந்து எழுதுவது மேசை. போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த 'மேஸா'தான் நம் வாயில் மேசையானது. அதற்குத் தாய் லத்தீன் 'மேன்ஸ'. நோட்டை வைக்கிற அலமாரி, போர்ச்சுக்கீசிய வழியாக வந்த லத்தீன் 'அர்மாரியும்'. அலமாரியின் சாவிக்கு மூலம் 'கிளாவிஸ்'. ஜன்னலுக்குப் பாட்டி, கதவைக் குறிக்கும் 'யானுவ' என்ற சொல். தெருமுனைக் கோயில் பாதிரியாருக்கு 'பதெர்', அதாவது அப்பா. ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். காலையிலிருந்து எத்தனை லத்தீன் சொல் பேசியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டை முடித்துவிட்டு வெளியே வாருங்கள். மரங்களில் பெயர்ப்பலகை மாட்டிய பூங்கா ஏதாவது இருந்தால் போதும். மாமரத்துக்குத் தாவரவியல் பெயர் மாங்கிஃபெர இண்டிக. 'மாங்கா' நம் பக்கத்துச் சொல். 'ஃபெர' என்றால் தாங்குவது. ஆக, மாங்காய் தாங்கி. தென்னையின் பெயரில் 'நுகிஃபெர' வரும்: கொட்டை தாங்கி. முருங்கைக்கு மொரிங்க ஒலெயிஃபெர: முதல் பாதி நம் முருங்கையேதான், இரண்டாம் பாதி எண்ணெய் தாங்கி, விதையில் எண்ணெய் எடுப்பார்கள். பனையின் பெயரில் 'ஃபிளபெல்லிஃபெர்' இருக்கிறது: விசிறி தாங்கி. பனையோலையைப் பார்த்து வேறென்ன பெயர் வைக்கத் தோன்றும்? நான்கு மரம் முடிவதற்குள் 'ஃபெரோ' என்ற வினைச்சொல் அவளுக்கு வந்துவிடும், தாங்குகிறேன், சுமக்கிறேன். அப்போது லூசிஃபர் என்ற பெயரை அவளிடம் நீட்டுங்கள். 'லூக்ஸ்' என்றால் ஒளி. பிசாசுக்கு ஒட்டிக்கொள்வதற்கு முன் அது விடிவெள்ளியின் பெயர், ஒளி தாங்கி. கிரேக்கர்கள் அதே விடிவெள்ளியை ஃபோஸ்ஃபோரொஸ் என்றார்கள்; அதற்கும் ஒளி தாங்கி என்றே பொருள். அறிவியல் பாடத்தில் வரப்போகும் பாஸ்பரஸ் இதுதான். 1669-இல் கண்டுபிடித்தபோது இருட்டில் ஒளிவிட்டதால் வந்த பெயர். லத்தீன் ஃபெரோவும் கிரேக்க ஃபெரோவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு மொழிக்குமான முதல் பாடம் ஒரு மாலை நடையில் முடிந்தது. காசு செலவில்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே. இந்த விளையாட்டு பிடித்துவிட்டால் குழந்தை எல்லாவற்றிலும் தமிழைத் தேடும். பெரியவர்கள் அதற்கு மேல் தேடுவார்கள். 'புயெல்ல' என்றால் சிறுமி. பிள்ளை மாதிரியே ஒலிக்கிறதே என்று யாராவது துள்ளுவார்கள். உறவு கிடையாது. பையனைக் குறிக்கும் 'புயெர்' என்ற சொல்லின் செல்ல வடிவம் அது. மிளகுக்கு லத்தீனில் 'பிபெர்'. அது மெய்யாகவே இந்தியாவிலிருந்து, பிப்பலி என்ற திப்பிலியின் பெயரிலிருந்து, கிரேக்கம் வழியாகப் போனது. எந்த வழியாகப் போனது, எந்தக் கப்பலில் போனது என்று சொல்ல முடிந்தால் உறவு. ஒலி மட்டும் ஒத்தால் தற்செயல். பத்து வயதிலேயே இந்த வேறுபாடு பிடிபட்டால் நல்லது. எழுபது வயதிலும் பிடிபடாதவர்களோடு நான் கூட்டங்களில் மேடையைப் பகிர்ந்திருக்கிறேன்.

நான் லத்தீன் கற்றது ஒரு குருமடத்தில். பதினைந்து வயது. முதல் நாளே கரும்பலகையில் 'மேன்ஸ' என்ற ஒரே சொல்லின் ஒருமை ஆறு, பன்மை ஆறு, ஆகப் பன்னிரண்டு வடிவங்கள். மேன்ஸ, மேன்ஸே, மேன்ஸே, மேன்ஸம் என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வேண்டும். தடுமாறினால் முழங்கையில் ஸ்கேல். இரண்டு வருடத்தில் ஐந்து வகைப் பெயர்ச்சொல்லும் நான்கு வகை வினைச்சொல்லும் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் முன்பின் பார்க்காத ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் படிக்க வராது. மேசைகளுக்கு, மேசைகளால், மேசைகளிலிருந்து எல்லாம் தெரியும். மேசைமேல் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியாது. பிற்பாடு நானே பாடம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், சுருக்கமான கதைகளை மூட்டை மூட்டையாகப் படித்து, ஒழுங்காகக் கற்றேன்.

வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் ஏழு வயதில் இதே மேசைதான். வடிவங்களில் ஒன்று 'ஓ மேசையே' என்று இருந்ததைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். மேசையைக் கூப்பிடும்போது பயன்படும் என்றார் ஆசிரியர். நான் மேசையைக் கூப்பிடுவதே இல்லையே என்றது குழந்தை. துடுக்குத்தனமாகப் பேசினால் கடுமையான தண்டனை கிடைக்கும் என்று பதில் வந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கலே வராது. நிலவே, முகிலே, தென்றலே என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூப்பிடுகிற மொழியில் பிறந்தவள். விளி வேற்றுமை என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். லத்தீன் படிக்கும் ஆங்கிலேயப் பிள்ளை முட்டி மோதிக்கொள்ளும் இடங்களில் பாதியை உங்கள் பிள்ளை ஏற்கெனவே தாண்டியாயிற்று. ஆங்கிலத்தில் நாயும் பூனையும் இடம் மாறினால் பார்ப்பது யார் என்பதே மாறிவிடும். தமிழில் 'நாய் பூனையைப் பார்க்கிறது' என்றாலும் 'பூனையை நாய் பார்க்கிறது' என்றாலும் பார்ப்பது நாய்தான். 'ஐ' ஒட்டிய இடத்தில்தான் சூட்சுமம். லத்தீனும் அப்படியே. நாய் 'கனிஸ்', நாயை 'கனெம்'. பூனை 'ஃபேலிஸ்', பூனையை 'ஃபேலெம்'. கனிஸ் ஃபேலெம் விதெத்: நாய் பூனையைப் பார்க்கிறது. ஃபேலெம் கனிஸ் விதெத் என்றாலும் அதுவே. பூனை நாயைப் பார்க்க வேண்டுமானால் ஃபேலிஸ் கனெம் விதெத். லண்டன் பிள்ளைக்கு இதை விளங்க வைக்க ஒரு மாதம் ஆகும். உங்கள் மகளிடம் "யார்? யாரை?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

வினைச்சொல்லும் அதே கதை. வந்தேன், வந்தாய், வந்தான். யார் என்பது வாலிலேயே இருப்பதால் நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. லத்தீனிலும் தேவையில்லை. குறில், நெடில் இன்னொரு கொடை. 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். ஆங்கிலப் புத்தகங்கள் நெடிலுக்கு மேலே கோடு போட்டுக் கெஞ்சும்; பல மாணவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. படம், பாடம், பட்டம் என்று பேசி வளர்ந்த காது தப்பு செய்யாது. லத்தீன் 'த' பல்லைத் தொட்டுச் சொல்லும் நம் 'த'வேதான், ஆங்கில 'ட' இல்லை. அவள் தன் நோட்டில் லத்தீன் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். நல்ல வழி அது.

லத்தீனுக்கு ஆறு வேற்றுமை, நமக்கு எட்டு. நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் மூன்றும் செய்கிற வேலையைப் பெரும்பாலும் அங்கே அப்லடிவ் என்ற ஒன்றே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும். பழைய கிரேக்கத்தில் ஐந்துதான்.

இடறும் இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். தமிழில் மேசை அஃறிணை, அத்தோடு விஷயம் முடிந்தது. லத்தீனில் மேசை பெண்பால், தோட்டம் ஆண்பால், ஆப்பிள் இரண்டும் இல்லை. ஹிந்தி படித்திருந்தால் இந்தத் தலைவலி பழகியிருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் பெயரடை. நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல பெண்ணை, 'நல்ல' அசைந்துகொடுக்காது. அங்கே பொனுஸ் புயெர், பொன புயெல்ல, பொனம் புயெல்லம். பெயர் எந்தச் சட்டை போடுகிறதோ அதற்குப் பொருத்தமான சட்டையைப் பெயரடையும் போட வேண்டும். இதற்கும் பூங்காவே போதும். புளியமரம் தமரிந்துஸ் இண்டிக. 'உஸ்' என்று முடிவதால் ஆண்பால் மாதிரி இருக்கிறதே, அப்புறம் ஏன் 'இண்டிக' என்ற பெண்பால் சட்டை என்று கேட்பாள். ரோமானியருக்கு மரங்கள் பெண்பால். அரசமரத்தின் ஃபீகுஸ் ரெலிகியோஸவிலும் அதேதான். (தமரிந்துஸ் என்பதே அரபியில் 'இந்தியப் பேரீச்சை'. அதோடு இண்டிக சேர்த்து, புளியமரத்தை இரண்டு முறை இந்தியாவில் நட்டுவிட்டார்கள்.)

எது முதலில் என்று கேட்டீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பாடம் சொன்ன குவிந்திலியன், ரோமானியக் குழந்தை கிரேக்கத்தில் தொடங்கட்டும் என்றார். லத்தீன் வீட்டில் தானாகவே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. உங்கள் வீட்டில் இரண்டும் தானாக வராது. நான் லத்தீனை முதலில் வைப்பேன். ஆங்கில எழுத்து தெரிந்தால் எழுத்து தெரிந்த மாதிரி. பத்து வயதுக்கு ஏற்ற புத்தகமும் லத்தீனில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. கிரேக்கத்தில் பிள்ளைகளுக்கான புத்தகம் குறைவு, வினைச்சொற்கள் அடர்ந்த காடு. ஆனால் கிரேக்க எழுத்தை மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவள் ஆசைப்பட்டதே அதற்குத்தானே. மொத்தம் இருபத்துநான்கு, பை, தீட்டா, சிக்மாவைக் கணக்குப் புத்தகம் எப்படியும் கொண்டுவரப்போகிறது, வீட்டுக்காரருக்கும் ஆறுதல். இரண்டு வாரத்தில் வீட்டிலுள்ளவர்கள் பெயரையெல்லாம் கிரேக்க எழுத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிடுவாள். ழகரம் உள்ள பெயர் யாருக்காவது இருந்தால் திண்டாடுவாள், திண்டாடட்டும். சிக்மாவுக்குச் சொல்லின் கடைசியில் மட்டும் வேறு உருவம் என்பதைக் கண்டுபிடித்து உங்களைத் திருத்துவாள்.

இரண்டு வருடம் கழித்துக் கிரேக்க இலக்கணத்துக்குள் போகும்போது ஓர் இடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். செய்வினை, செயப்பாட்டுவினை தவிர 'நடுவினை' என்று ஒன்று அங்கே உண்டு. செய்கிறவர் தனக்காக, தன்மேலேயே செய்துகொள்வது. ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். 'லூஓ' என்றால் குளிப்பாட்டுகிறேன். 'லூஒமை' என்றால் குளிக்கிறேன். எழுதுகிறாள், எழுதிக்கொள்கிறாள், சமைக்கிறார், சமைத்துக்கொள்கிறார். நம் 'கொள்' எங்கெல்லாம் இயல்பாக வந்து ஒட்டுகிறதோ, அங்கெல்லாம் பெரும்பாலும் கிரேக்கன் நடுவினை போடுவான். எல்லா இடத்திலும் பொருந்தாது. கதவைத் திறக்கப் போதும்.

புத்தகத்துக்கு வருகிறேன். 1999-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'மினிமுஸ்', பார்பரா பெல் எழுதியது. சுண்டெலி ஒன்று கதை சொல்லும், படக்கதை வடிவம். பத்து வயதுக்கு அளவெடுத்துத் தைத்தது. அதில் வரும் குடும்பம் நிஜக் குடும்பம். இங்கிலாந்தின் வடக்கே விந்தோலாந்தா என்ற ரோமானியக் கோட்டை. அதன் தளபதி ஃபிளாவியுஸ் கெரியாலிஸ், மனைவி சுல்பிகிய லெபிதின. 1973 முதல் அங்கே தோண்டத் தோண்ட, மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அதில் ஒன்று லெபிதினவுக்கு அவள் தோழி கிளௌதிய செவேர அனுப்பியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் இனிமையாக இருக்கும், அவசியம் வா என்று அழைப்பு. சுமார் 1,900 வருடத்துக்கு முந்தையது. கடிதத்தை எழுத்தர் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். கடைசிச் சில வரி மட்டும் கோணல்மாணலாக, செவேரவே எழுதியது. இன்று கிடைக்கிற லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதியவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. படம் இணையத்தில் கிடைக்கும். அந்தக் கோணல் எழுத்தை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். அவளுடைய அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு லத்தீன் அழைப்பிதழ் தயாராகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடவரிசைக்கு மாறலாம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரில் கைகிலியுஸ் என்பவர் வீட்டில் கதை நடக்கிறது: சமையல்காரன், நாய், மகன் எல்லோரும் உண்டு. இவரும் நிஜ ஆள்தான். ஏலம், வட்டித்தொழில். 1875-இல் அவர் வீட்டில் மெழுகுப் பலகைகளில் எழுதிய 150-க்கு மேற்பட்ட ரசீதுகளும் பற்றுவழிகளும் கிடைத்தன. நீங்கள் பி.காம். என்றீர்களே, அந்த அத்தியாயத்தில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. டென்மார்க்காரர் ஹன்ஸ் ஓர்பெர்க் எழுதிய முழுக்க முழுக்க லத்தீனிலேயே ஆன பாடப்புத்தகம் இன்னும் நல்லது என்பது என் கட்சி. ஆனால் பன்னிரண்டுக்கு முன் வேண்டாம். கிரேக்கத்துக்கு, பதின்மூன்று வாக்கில், ஆத்தென்ஸ் பக்கத்து விவசாயி ஒருவர் குடும்பத்தை வைத்து எழுதிய 'அதெனாஸெ'. செல்போன் செயலிகள் பொழுதுபோக்குக்குச் சரி. மொழிபெயர்ப்பு இயந்திரத்தை மட்டும் அண்டவிடாதீர்கள். லத்தீனில் அது அடிக்கடி கூசாமல் பொய் சொல்லும்.

நோட்டு எப்படிப் போடுவது என்பதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் கிரேக்கம் பேசிய பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போல லத்தீனை அந்நிய மொழியாகத்தான் கற்றார்கள். அவர்களுக்கான பாடங்கள் சில இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கின்றன. எலினர் டிக்கி என்ற அறிஞர் அவற்றைத் திருத்தமாகப் பதிப்பித்திருக்கிறார். ஒரு சிறுவன் தன் நாளைச் சொல்கிறான்: விழித்தேன், செருப்பு கேட்டேன், முகம் கழுவினேன், பள்ளிக்குப் போனேன். பக்கத்தில் இரண்டு ஒடுக்கமான பத்தி. ஒன்றில் லத்தீன், மற்றதில் அதே வரிசையில் கிரேக்கம், ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொல். உங்கள் மகளும் அப்படியே நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் தமிழ் என்று தன் நாளை எழுதட்டும். ஆங்கிலத்தை வலப்பக்கம் வைத்தால் சொற்களை இடம் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். தமிழை வைத்தால் பெரும்பாலும் வரிக்கு வரி அப்படியே உட்காரும். தினம் இருபது நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் என்று அவள் கெஞ்சும்போது மூடிவிடுங்கள். வாய்ப்பாடு வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். கதையில் பத்து முறை பார்த்த வடிவங்களை, பிறகு ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்ப்பதற்கு.

அடி உதவாது என்பதற்குப் புனித அகுஸ்தினாரே சாட்சி. லத்தீனைச் செவிலியரின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் கற்றதாகவும், கிரேக்கத்தை மிரட்டலுக்கு நடுவே கற்க நேர்ந்ததால் வெறுத்ததாகவும் எழுதியிருக்கிறார். அதே மாதிரிக் கதைகள்தான் இரண்டிலும்.

இனி, ஒன்றும் தெரியாத அம்மா என்ன செய்வது? ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டாம் வயதில் லத்தீனும் தொடங்கியவர். தந்தை ஜேம்ஸ் மில் கிரேக்கச் சொற்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். அப்போது கிரேக்கத்துக்கு லத்தீனில்தான் அகராதி, ஆங்கிலத்தில் கிடையாது. பையனுக்கோ லத்தீன் தெரியாது. ஆகவே தந்தை எழுதும் அதே மேசையில் எதிரே உட்கார்ந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவரையே கேட்டிருக்கிறான். தந்தை அப்போது எழுதிக்கொண்டிருந்தது 1817-இல் வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய வரலாறு. இந்தியாவைப் பார்க்காமலே எழுதிய புத்தகம், அது வேறு விஷயம். பொறுமைக்குப் பேர்போனவரும் அல்ல. அந்தத் தொந்தரவை நாள்தோறும் தாங்கிக்கொண்டார். அவருக்குக் கிரேக்கம் தெரியும், உங்களுக்குத் தெரியாது; ஆனால் உங்களிடம் அகராதி இருக்கிறது. ஒரே மேசையில் உட்காருங்கள். அவள் கேட்டால், "தெரியலையே, தேடு, எனக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள்.

மில்லின் கதையில் செய்யக்கூடாததும் இருக்கிறது. விளையாட்டுத் தோழர்கள் இல்லாத பிள்ளைப்பருவம். இருபது வயதில் எதிலும் பிடிப்பின்றி நெடுநாள் துவண்டுபோனார். தான் படித்ததை உடனே தம்பி தங்கையருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்கள் ஒப்பிக்காவிட்டால் இவர் பொறுப்பு. சொல்லிக்கொடுத்ததால் பாடம் தனக்கு ஆழப் பதிந்தது என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் நல்லதில்லை என்கிறார். ஆகவே அவள் யாருக்காவது பாடம் எடுக்க வேண்டுமானால் அந்த மாணவி நீங்களாக இருங்கள். தம்பி இருந்தால் அவனை விட்டுவிடுங்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை இணைய வகுப்பு வைக்கலாம். முதல் நாளே வாய்ப்பாடு கொடுத்து மனப்பாடம் செய் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள். 1960-களின் நடுப்பகுதிவரை கத்தோலிக்கப் பூசை லத்தீனில் நடந்தது; அந்தக் காலத்தில் குருமடத்தில் படித்த வயதான சாமியார்கள் சிலருக்கு லத்தீன் இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆசையாகக் கேட்க ஒரு குழந்தை வந்தால் உருகிவிடுவார்கள். உச்சரிப்பு மட்டும் மாறும்: புத்தகம் 'கிகெரோ' என்றால் அவர் 'சிச்செரோ' என்பார். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்காரரிடம், நீட் தேர்வுக்கு இது பயன்படும் என்று சொல்லாதீர்கள். அந்த அளவுக்குப் பயன்படாது, அவரும் நம்ப மாட்டார். இருபது நிமிடம்தான் என்று சொல்லுங்கள். மாமனாரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சானது, லத்தீனில். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதும் லத்தீனில். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் பெயர்த்ததும் லத்தீனில்தான். தாத்தா குறளைச் சொல்ல, பேத்தி ஒரு நாள் முனிவர் அதை எப்படிப் பெயர்த்தார் என்று படித்துக் காட்டலாம். நாலைந்து வருடம் ஆகும். இடையில் ஆறு மாதம் விட்டுவிட்டாலும் திட்டாதீர்கள். நோட்டைப் பத்திரமாக அலமாரியில் வையுங்கள். அர்மாரியும்.

இப்போது அந்த வாக்கியம். புயெல்ல கனிஸ் விதெத். யார் பார்க்கிறாள்? புயெல்ல; சரி. யாரை? நோட்டைப் பாருங்கள், 'ஐ' எங்கே? கனெம் என்று இருக்க வேண்டியது. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், "யாரைப் பார்க்கிறா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். திருத்தி முடித்த பிறகு இன்னொன்றையும் சொல்லலாம். 'கனிஸ்' என்பது நாய் மட்டுமல்ல, 'நாயின்' என்பதற்கும் லத்தீனில் அதே வடிவம். ஆகவே அவள் முதலில் எழுதியதும் முழுக்கத் தப்பு இல்லை. "நாயின் சிறுமி பார்க்கிறாள்" என்று எழுதியிருக்கிறாள். வீட்டில் நாய் இருக்கிறதா?